அறுபத்தேழாம் அதிகாரம்

ஜனவரி 1, ஞாயிறு

முதலாம் ஓலை. நல்லமேய்ப்பர்புரம், கீழத்தெரு, காலஞ்சென்ற பொன்னையா அவர்களின் ஒரே குமாரன் ஜெபசிங்கின் மேலுதட்டுக்கும், அதன்மேல் புதிதாக முளைத்திருக்கும் பதினொரு மயிர்களுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரு திறத்தாரும் இணைந்து வாழ்வதற்குத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் இன்றே சொல்லிவிட வேண்டும். பிறகு வந்து பிளேடை நீட்டக்கூடாது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்துத் தடை கேட்கிற அதே இழுவையில் இதைக் கண்ணாடி முன் நின்று வாசித்தேன். அம்மா சமையல்கட்டிலிருந்து, "வருசப் பொறப்பும் அதுவுமா வாய வச்சிக்கிட்டு சும்மா இருல" என்றாள். தடை வேறு யாரும் சொல்லவில்லை.

இது ரெஜி அத்தானின் கம்பெனியில் கொடுத்த டைரி. அத்தான் ஓசூரில் இருக்கிறார். அக்கா பியூலா பிரசவம்வரை இங்கே எங்களோடு இருக்கப்போகிறாள், டைரியும் அவளோடு வந்தது. அப்பா போய் நாலு வருஷமாகிறது. ஆகவே வீட்டில் ஒரே ஆண் சிங்கம் நான். பெயரில் உள்ள ஜெபத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். சிங் மட்டும் போதும்.

இரண்டாவது செய்தி, முதலாவதைவிடப் பெரியது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஒரு தட்டில் முந்நூறு அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். வரிசையில் வந்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்தது எதுவோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று தனியாகச் சொன்னது. பீரோவில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள், கஷ்டம் வந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். அட்டை வெட்டுகிற வேலையையும் தட்டை ஏந்துகிற வேலையையும் வாலிபர் சங்கத்தில் என் தலையில் கட்டினார்கள். ஆட்டுப்பட்டிக்கு நரியைக் காவல் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, சங்கச் செயலாளரே நாளை சொல்வார்.

ஜெராக்ஸ் கடையில் அதே எழுத்து, அதே பூ பார்டர் போட்டு மூன்று அட்டைகள் நானே அடித்தேன். வழுக்கை விழுந்த பொருளாளருக்கு: "எண்ணெய் வாராமலே உன் தலை பிரகாசிக்கும்." பாடகர் குழுத் தலைவருக்கு: "உன் சத்தத்தைக் கேட்டுச் சத்துருக்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள்." பக்கத்து வீட்டுச் சொர்ணம் சித்தி நாற்பது கோழி வளர்க்கிறார், அவருக்கு: "நீ அடைகாத்தது ஒன்றும் வீணாய்ப்போவதில்லை, உன் சிறகின்கீழ் வைத்தது உயிரோடே வெளிப்படும்." அடியில் வசன எண் வேண்டுமே. அறுபத்தாறு அதிகாரத்தோடு முடித்துக்கொண்ட ஒரு தீர்க்கதரிசியின் பெயரைப் போட்டு, அறுபத்தேழு, நாலாம் வசனம் என்று எழுதினேன். விஷயம் தெரிந்தவன் சிரிப்பான், தெரியாதவன் ஆமென் சொல்வான். பாடகர் குழுத் தலைவர் ஆமென்தான் சொன்னார்.

சித்தியின் அட்டையை விரல் நுனியில் தயாராக வைத்திருந்தேன். சித்தி கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். பின்னால் நின்ற அக்காவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "மாசமா இருக்க பிள்ள ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. நீ மொதல்ல எடு தாயி" என்றார்.

அக்கா அந்த அட்டையை எடுத்துவிட்டாள்.

அக்காவுக்கு இப்போது ஐந்தரை மாதம். இது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் எழுதவில்லை.

ஜனவரி 2

அட்டை பீரோக் கண்ணாடியில் ஏறிவிட்டது. அம்மா செலோ டேப் போட்டு நாலு மூலையும் ஒட்டியிருக்கிறாள். மீசையைப் பார்க்கப் போனால் என் வசனம் என்னைப் பார்க்கிறது.

சாயங்காலம் அம்மா வேதப் புத்தகத்தை எடுத்து அக்கா மடியில் வைத்தாள். "எனக்குக் கண்ணாடி இல்லாம பொடி எழுத்துத் தெரியல. அந்த அதிகாரத்த மொத்தமா வாசி, கேப்போம்."

அக்கா ஞாயிறு பள்ளியில் ஆறு வருஷம் டீச்சராக இருந்தவள். பக்கங்களைத் திருப்பினாள். ஓரிடத்தில் நின்றாள். முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள் புரட்டினாள். கண்ணாடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மிக்சரில் கடலை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தல சுத்துதும்மா. இன்னொரு நாள் வாசிக்கேன்" என்று மூடிவிட்டாள்.

தலைசுற்றல் காப்பாற்றியது. நல்ல காலம், அவள் கவனிக்கவில்லை.

ஜனவரி 3

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் இட்லி உள்ளே போனது.

ஜனவரி 9

டவுனில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். அக்காவுக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதலாம். மாத்திரை, ஓய்வு, உப்புக் குறைத்த சாப்பாடு. தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதவேண்டும், நூற்றைம்பதைத் தாண்டினால் நிமிஷம் தாமதிக்காமல் வரவேண்டும் என்றார்.

"வீட்டுல யாரு பிரஷர் பாப்பாங்க?"

அம்மா விடுதிச் சமையல் வேலை முடிந்து வர ஆறாகும். பகலில் துணைக்கு இருக்கிற சொர்ணம் சித்திக்குக் கோழியின் கழுத்தைப் பிடிக்கத் தெரியும், மெஷினைப் பிடிக்கத் தெரியாது. "நான் பாக்கேன் டாக்டர்" என்றேன். பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்கிறேன், சும்மா இல்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இங்கே முறையாகப் பதிவு செய்கிறேன். அந்த வசனத்தை எழுதியவன் நான். ஆகவே அதை நிறைவேற்றுகிறவனும் நானே. ஆண்டவர் தாம் எழுதின அறுபத்தாறு அதிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அறுபத்தேழு என் டிபார்ட்மென்ட். குழந்தை உயிரோடே வெளிப்பட்டுவிட்டால் அட்டை பொய்யில்லை. அட்டை பொய்யில்லை என்றால் நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தினம் மாலை நாலரைக்கு பிரஷர். அக்கா வாளி தூக்கக்கூடாது. அக்கா துணி பிழியக்கூடாது. சோறு நான் வடிப்பேன்.

ஜனவரி 10

சோறு குழைந்தது. பெரிய விஷயமில்லை.

ஜனவரி 21

பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. 128/80, 126/82, 130/80. பூமிக்கே உப்பாயிருக்கச் சொன்ன மதத்தில் பிறந்துவிட்டு உப்பில்லாத சாம்பாரை மூன்று பேரும் சாப்பிடுகிறோம். சோறு இப்போது பூப்போல வருகிறது, என் கைப்பக்குவம்.

பிரஷர் பார்த்து முடிந்ததும் அக்கா தினமும் ஒரு ஜெபம் செய்கிறாள். ஜெபம் என்றால் எங்கள் ஊர் அளவுக்கு அது ஜெபமே இல்லை. "இன்னைக்குள்ளதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரே வரி. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தொண்டையைக்கூட செருமி முடிக்கமாட்டார்கள்.

"ஏங்க்கா, சில்லறை சில்லறையா ஏன் வாங்குத? ஏப்ரல் வரைக்கும் மொத்தமா ஒரு மனு எழுதிப் போட்டுற வேண்டியதானே" என்றேன்.

"மொத்தமா தந்தா நான் எங்கல வைக்க? என் கை இத்தனூண்டுதான் இருக்கு."

"கை சின்னதா இருந்தா என் கைய வச்சிக்கோ. அதுக்குப் பேருதான் தன்னம்பிக்கை. எங்க சார் சொல்லித் தந்திருக்காரு."

"ஒன் கையா" என்று வாங்கிப் பார்த்தாள். "பேனா மை கூடப் போகல. நீ ரொம்பத் தூக்காதல சிங்கு. ஒனக்கு வயசு பதினாறுதான்."

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. அப்போது குழந்தை உதைத்தது. என் மை படிந்த கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. நான் உடனே ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

பிப்ரவரி 2

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அம்மா எழுந்து சாட்சி சொல்லியிருக்கிறாள். சொர்ணம் சித்தி வந்து அப்படியே நடித்துக் காட்டினார். "எங்க வீட்டு நிலைம ஒங்களுக்கெல்லாம் தெரியும். ரெண்டு தடவ வெறுங்கையோட வந்தோம். இந்தத் தடவ அவரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு. அடைகாத்தது வீணாப் போகாதுன்னு சொல்லிட்டாரு. இனி நான் பயப்படமாட்டேன்." நாற்பது பெண்கள் அழுதார்களாம். இந்த வசனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லையே, எங்கே இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டதற்கு, "தேடிப் பாரு, கெடைக்கும்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அம்மா தூங்கும்போது குறட்டை விடுகிறாள். அப்பா போனதிலிருந்து அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இன்று எழுத ஜோக் ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 10

138/88. மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. டாக்டரம்மா என் நோட்டைப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா எழுதுறவங்கள நான் பாத்ததே இல்ல. இந்த நோட்ட நம்பித்தான் நான் மருந்து எழுதுறேன்" என்றார். நர்ஸிடம் காட்டினார். நர்ஸ் அடுத்த நர்ஸிடம் காட்டினார். ஆஸ்பத்திரியில் என் புகழ் மாடிக்கு மாடி பரவியது.

அம்மா "எல்லாம் கிருபை" என்றாள். கிருபை எங்கே நாலரைக்கு வந்து மெஷினைக் கட்டியது? நான் கட்டினேன்.

பிப்ரவரி 17

நாளை எங்கள் சேகரத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் வாலிபர் சங்க வாலிபால் இறுதிப் போட்டி. பக்கத்து ஊர் மைதானம். நாலு மணிக்கு ஆரம்பம். அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்று தடவை குறுக்கே நடந்துவிட்டுக் கேட்டேன்.

"போயிட்டு வால. அதுக்கு ஏன் பூனை மாதிரி சுத்துத?"

"நாலரைக்கு..."

"வந்து பாரு. ஓடியா போயிரப் போறேன்."

பிப்ரவரி 18, சனி

வெற்றி. வெற்றி. நல்லமேய்ப்பர்புரம் வென்றது. மூன்றாவது செட், இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று. மைதானம் முழுக்க மூச்சு நின்றது. பந்து உயரே எழும்பியது. வலைக்குப் பக்கத்தில் நான். ஒரு எம்பு. ஒரே அடி. பந்து அந்தப் பக்கத்து மண்ணில் குழி பறித்தது. எதிரணித் தலைவன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள். சங்கச் செயலாளர் என் கையைக் குலுக்கி, "ஏலே, ஒன் கையில என்னல வச்சிருக்க" என்று கேட்டார். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வண்டியில் திரும்பும்போது பாட்டு. என் பெயரை வைத்தே பாட்டு. வீடு வந்து சேர ஏழு மணி.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா, "எழுப்பாத, மத்தியானத்துல இருந்து அசந்து கெடக்காளாம்" என்றாள்.

130/82.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 20

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது சொர்ணம் சித்தி கோயில் வாசலில் வந்து நின்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிரசங்க நேரத்தில் யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். வீட்டுக்கும் கோயிலுக்கும் நாற்பது அடிதான். அக்கா தரையில் கிடந்தாள். கை கால் எல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே போயிருந்தது. கோயிலில் இருந்தே நாலு ஆண்கள் வந்து தூக்கினார்கள். எனக்குத் தூக்க இடம் கிடைக்கவில்லை. அவளுடைய ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

பிரஷர் இருநூற்றுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தொள்ளாயிரம் கிராம்.

டாக்டரம்மா வெளியே வந்ததும் நோட்டைக் கேட்டார். அம்மா பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நேத்து சாயங்காலம் நூத்தி முப்பது. ஒரே நாள்ல இவ்வளவு ஏறுமா?" அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "சில நேரம் ஏறும். நீ சரியாத்தானே பாத்த தம்பி?"

"ஆமா டாக்டர்."

அக்காவுக்கு இன்று மத்தியானம் நினைவு வந்தது. பிழைத்துவிடுவாள் என்கிறார்கள்.

பிப்ரவரி 22

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூக்கில் குழாய், காலில் குழாய். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும் அதன் பாதம். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். எண்ணினால் நிற்காது என்று தோன்றியது. நர்ஸ் வந்து, "தம்பி, நீங்க கீழ போய் உக்காருங்க. இங்க ஒங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

மாலையில் குருவானவர் வந்தார். ஓசூரிலிருந்து வந்திருந்த அத்தானையும் அவரையும் மட்டும் பச்சை அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள். பஞ்சில் தண்ணீர் நனைத்து நெற்றியில் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். தயா என்று பெயர். அக்கா சொல்லி அனுப்பியது. தொள்ளாயிரம் கிராமுக்கு இரண்டு எழுத்து போதும்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஞாபகத்துக்கு வந்த ஒரே வாக்கியம் நான் கோழிக்கு எழுதினது.

பிப்ரவரி 24

920.

பிப்ரவரி 26

880. அம்மா வராந்தாவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்களுக்கு வசனம் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஒரு பர்தா அணிந்த அக்காவும் தலையாட்டுகிறார்.

பிப்ரவரி 28

காலை பதினொன்று இருபது.

மார்ச் 1

அத்தான் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு சிறிய பெட்டி. சீட் பெல்ட்டைப் பெட்டிக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். டிரைவர் பார்த்தார், பிறகு வண்டியை மெல்ல எடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம். எல்லோரும் பாடினார்கள். அம்மா பாடவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் தையல் இருப்பதால் மெல்ல நடக்கிறாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறதாம். சொர்ணம் சித்தி வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ வைத்தியம் செய்தார்.

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. அம்மா துணி துவைத்தாள். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தாள். ஆராதனை முடிந்து குருவானவர் வந்தார்.

"நீங்க வராதது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ஐயா. நாங்க கேக்கலியே. அவராத்தானே சொன்னாரு. சொல்லிட்டு எடுத்துக்கிட்டாரு. மனுசன் ஏமாத்துனா தெருவுல நின்னு சண்ட போடலாம். இவர்ட்ட நான் எங்க போய்ச் சண்ட போட?"

குருவானவர் தலையைக் குனிந்துகொண்டார். காப்பி ஆறிப்போயிற்று. போகும்போது பீரோப் பக்கம் பார்த்தார். அட்டையை அம்மா திருப்பி ஒட்டியிருந்தாள், எழுத்து கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. அவருக்கு அது என்ன என்று தெரியாது.

எனக்குத் தெரியும்.

மார்ச் 7

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்தேன். அது உரியவில்லை.

"அம்மா, அத அவரு சொல்லல."

"எத?"

"அந்த வசனத்த. அது நான் எழுதுனது. சொர்ணம் சித்திக்கு எழுதுனேன். வெளையாட்டுக்கு. சித்தி அக்காவ முன்னால விட்டுட்டாவ."

அம்மா கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"சொர்ணத்துக்கு எதுக்கு அந்த வசனம்?"

"கோழிக்கும்மா."

"கோழிக்கா."

"ஆமா. அந்த அதிகாரமே வேதத்துல கெடையாது."

இன்னும் மூன்று வெங்காயம் உரித்தாள். நான் எண்ணினேன். பிறகு எழுந்து நின்று அறைந்தாள். வெங்காயக் கை, கண்ணில் பட்டது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கி, ஓங்கினபடியே நின்றாள்.

"அப்பம் அவரு என்னய ஏமாத்தலியா?"

"இல்லம்மா. நாந்தான்."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடியைவிட அதன் பிறகு கேட்டதுதான் தாங்கவில்லை. "அபாண்டமா ஒம்ம மேல பழி போட்டுட்டேனே. நீரு சொல்லாதத சொன்னீருன்னு ஊரெல்லாம் பேசிட்டேனே. மன்னிச்சிரும் ஐயா." அம்மா ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் செய்ததற்கு. கொஞ்ச நேரம் கழித்து என் பெயர் வந்தது. என் பெயருக்கு என்ன கேட்டாள் என்று இங்கே எழுதமாட்டேன். நான் அதற்குத் தகுதியில்லாதவன், அவ்வளவு எழுதலாம்.

ராச்சாப்பாட்டுக்கு என் தட்டில் முட்டை இருந்தது.

மார்ச் 8

அக்காவிடம் போனேன். ஆரம்பிப்பதற்கு முன்பே, "அறுபத்தாறோட முடிஞ்சிருதுல" என்றாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"நான் டீச்சர்ல."

"பெறகு ஏன் சொல்லல?"

"அம்மா தூங்க ஆரம்பிச்சிருந்தா. சொல்ல மனசு வரல. அதுவும் தப்புதான். நேத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா அழுதத நானும் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "அட்ட பொய்யின்னு தெரியும். அப்பம் இவ்வளவு நாளா நீ எத நம்பிக்கிட்டு இருந்த?"

அக்கா தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பேசினால் தையல் இழுக்கிறது.

"பிள்ள கெடைக்கும்னு நம்பல. கெடைக்கணும்னு ஆச இருந்துச்சு, அது வேற. ஒவ்வொரு நாளும் அன்னைக்கு வேணும்கிற பெலன் வந்துச்சு. அதத்தான் நம்புனேன்."

"இப்பம்?"

"இன்னைக்குக் காலையில எந்திரிச்சேன்ல. நேத்து ராத்திரி நெனச்சா, எந்திரிப்பேன்னு எனக்கே நம்பிக்க இல்ல." ஜன்னலைப் பார்த்தாள். "நானா எந்திரிக்கல சிங்கு."

அவள் அழவில்லை. சும்மா சொன்னாள், மழை பெய்தது என்று சொல்வது போல.

இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போனாள். கடைசிப் பெஞ்சில் உட்காரப்போவதாகச் சொன்னாள். பீரோக் கண்ணாடியில் நாலு டேப் தழும்பு மட்டும் இருக்கிறது. அட்டையை என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

நானும் அக்காவும் மட்டும் வீட்டில். பிரஷர் நோட்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். பிப்ரவரி 18ஐக் காட்டினேன்.

"இது நான் பாத்து எழுதல. ஏழு மணிக்குத்தான் வந்தேன். நீ தூங்குன. முந்தின நாள் இருந்தத வச்சி நானா ஒரு நம்பர் போட்டேன். டாக்டரம்மாட்டயும் பொய் சொன்னேன்." நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது, நோட்டில் சொட்டியது. "எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுவேன்னு சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்."

அக்கா அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் என்னமோ ஒன்று வந்தது. அது என் மேல் விழும் என்று காத்திருந்தேன். அது விழாமல் அவளுக்குள்ளேயே இறங்கியது. இறங்கி முடிகிறவரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

"எனக்கு வெள்ளிக்கிழமையில இருந்தே தலவலி" என்றாள். "நீ பூனை மாதிரி சுத்திக்கிட்டு இருந்தப்பவே இருந்துச்சு. சொன்னா நீ போகமாட்டன்னுதான் சொல்லல. ஒரு நாளாவது பிள்ள வெளையாடட்டும்னு நெனச்சேன். சனிக்கிழம கண்ணு மங்கலாத் தெரிஞ்சுது. தூங்குனா சரியாப் போகும்னு படுத்தேன். இப்பம் சொல்லு, யார் மேல போட?"

நான் நோட்டில் சொட்டியதைச் சட்டை நுனியால் ஒற்றினேன்.

"நீயும் தூக்காத. நானும் தூக்கல. நம்மால முடியாது. அவர்ட்ட விட்டுருவோம். நாளைக்குத் திரும்பவும் நம்ம மேல வந்து உக்காரும், திரும்பவும் விடுவோம்." நோட்டை மூடித் தலையணைக்கடியில் வைத்தாள். "டாக்டரம்மாட்ட நீயே போய்ச் சொல்லணும். நானும் கூட வாரேன்."

"சரிக்கா."

கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது. எதிரிகள் ஓடுகிற மாதிரிதான் பாடகர் குழுத் தலைவர் பாடினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போகட்டும். மேட்ச்சு எப்பிடில ஆடின? என்ட்ட ஒண்ணுமே சொல்லலியே."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் இனி ஒரு பொய்கூட மிச்சம் வைக்கக்கூடாது என்று சற்று முன்தான் முடிவு செய்திருந்தேன்.

"ஆடலக்கா."

"என்னது?"

"என்னய எறக்கவே இல்ல. ஒம்பதாவது ஆளா எழுதியிருந்தாவ. ஓரமா உக்காந்து எல்லாரு செருப்புக்கும் காவல் இருந்தேன்."

அக்கா என்னையே பார்த்தாள். "செருப்புக்கா."

"ஆமா."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்குல, வலிக்கு, என்னய சிரிக்க வைக்காத" என்றாள். பாதிச் சிரிப்பில் அது வேறொன்றாக மாறியது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

ஆகவே இந்த டைரியை வாசிக்கிற சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது: பிப்ரவரி 18ஆம் தேதிப் பக்கத்தில் உள்ள எம்பு, அடி, மண்ணில் குழி, தோளில் ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை. சோடா உண்மை, ஆனால் காசு நான் கொடுத்தேன். ஜனவரியில் பூப்போல வந்த சோற்றைச் சொர்ணம் சித்தி வடித்து வைத்துவிட்டுப் போவார், நான் மூடியைத் திறப்பேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கிழிக்காதே, அடியில் திருத்தம் எழுது என்றாள். எழுதுகிறேன்.

பிப்ரவரி 18. ஜெபசிங் பிரஷர் பார்க்கவில்லை. ஆடவும் இல்லை. செருப்பு பதினாலு ஜோடி, எல்லாம் பத்திரம்.